கல்லில் – சிதறால்: ‘மாற்றப்பட்ட’ சமணக் கோயில்கள் என்னும் கருத்து

கொச்சி மட்டாஞ்சேரியில் சமணம் எனின் இன்று நினைவுக்கு வருவது 1904இல் குஜராத்தி வணிகர் சமூகம் எழுப்பிய தர்மநாதர் கோயிலே. அது வணிகத்தின் வழி மேற்குக் கரைக்கு வந்தடைந்த மரபு. அதே எர்ணாகுளம் மாவட்டத்தில், பெரும்பாவூருக்கு அருகே பெரும்பாறை ஒன்றின் அடியில் அமைந்துள்ள கல்லில் பகவதி கோயிலோ அதனினும் பன்னூற்றாண்டு மூத்தது. தென்னகப் பழஞ்சமணத்தைச் சார்ந்தது. (ஊர்ப்பெயரைக் கல் + இல் எனப் பிரித்து ‘கல்லாகிய மனை’ என்றும் கொள்ளலாம், இடவேற்றுமையாகவும் கொள்ளலாம்.) இவ்விரண்டையும் ஒரே தொடர்ச்சியாகக் கருதுதல் பொருந்தாது.

கல்லிலைக் குறித்து ஆய்வுநூல்களில் திரும்பத் திரும்ப வரும் ஒரு கூற்றே இங்கு ஆராய்தற்குரியது. சமணக் கோயில் பிற்காலத்தில் பகவதி கோயிலாக ‘மாற்றப்பட்டது’ என்பது அது. செயப்பாட்டுவினையாகிய இச்சொல்லில் வினைமுதல் மறைந்து நிற்கிறது, காலமும் தெளிவாவதில்லை. மாற்றியவர் யார், எதனை மாற்றினர் என்னும் வினாக்களுக்கு விடை கிடைத்துவிட்டது போன்ற தோற்றத்தை மட்டும் அது தருகிறது.

கல்லிலில் பாறை முகப்பிலுள்ள தீர்த்தங்கரர் உருவம் இன்று பிரம்மன் என வழங்கப்படுகிறது. பத்மாவதி இயக்கி பகவதியாக வழிபடப்படுகிறாள். மகாவீரர், பார்சுவநாதர் உருவங்களும் அங்கேயே உள்ளன. ஆகவே மாறியவை பெயர்களே, உருவங்கள் அல்ல.

இதனை விளக்கவல்ல சான்று குமரி மாவட்டச் சிதறாலில் உள்ளது. திருச்சாரணத்துமலை எனப் பழம்பெயர் பெற்ற அக்குன்றில், முன்னோக்கிக் கவிந்த பாறையின் கீழ் கோயிலும், பாறைமுகத்தில் தீர்த்தங்கரர், இயக்கியர் புடைப்புருவங்களும் உள்ளன. ஆய்வேந்தன் விக்கிரமாதித்த வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டு வட்டெழுத்துக் கல்வெட்டு, அரிட்டநேமி பட்டாரரின் மாணாக்கியாகிய குணந்தாங்கிக் குரத்திகள் பட்டாரியார்க்குப் பொன்னணிகள் அளித்ததைக் கூறுகிறது. கொடுத்தவர் சமணத் துறவி; பெற்றவளோ பெண்தெய்வம். சமணப் பள்ளியாக இருந்த காலத்திலேயே அத்தெய்வம் தனக்கெனக் கொடை பெறும் நிலையில் இருந்தாள் என்பது இதனாற் பெறப்படும். மேலும் பட்டாரர், பட்டாரி என்பன ஒரு சமயத்தார்க்கே உரிய சொற்கள் அல்ல. பிடாரி என்னும் பெயரும் இச்சொல்லின் வழிவந்ததே என்பர். பிற்கால வழிபாட்டினர் புதிய தெய்வத்தைக் கொணர வேண்டியிருக்கவில்லை. இருந்தவளையே வேறு பெயரால் அழைத்தனர் எனக் கருத இடமுண்டு.

எனினும் இதனை இணக்கம் என்று மட்டும் கூறி அமைதலும் பொருந்தாது. உருவம் நிலைத்தது; உரிமை நிலைத்ததா? பள்ளிச்சந்த நிலங்கள் எவர் கைக்குச் சென்றன என்பதே மாற்றத்தின் உண்மையான அளவுகோல். நாகர்கோயில் நாகராசர் கோயிலில் 16ஆம் நூற்றாண்டிலும் சமணப் பண்டிதர்க்கு நிலக்கொடை நிகழ்ந்துள்ளது. சிதறாலோ 13ஆம் நூற்றாண்டளவில் பகவதி கோயிலாகிவிட்டது என்பது பெருவழக்கான கருத்து. ஒரே வட்டாரத்திலேயே இவ்வளவு கால இடைவெளி இருப்பின் ‘பிற்காலம்’ என்னும் பொதுச்சொல் எதனையும் விளக்காது.

தி. அ. கோபிநாத ராவ் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருவிதாங்கூர்ச் சமணச் சின்னங்களை ஒருசேர ஆராய்ந்தார். 1956இல் குமரி தமிழகத்தோடு இணைந்தபின் சிதறால் தமிழாய்வுக்கும் கல்லில் கேரள ஆய்வுக்கும் எனப் பிரிந்தன. இது நிர்வாக எல்லை. கல்வெட்டின் எல்லை அன்று. இதே வரகுணன் ஸ்ரீமூலவாசம் என்னும் பௌத்தப் பள்ளிக்கு நிலம் அளித்த செப்பேடு, கொச்சிக்கு வடக்கே சேந்தமங்கலத்துப் பாலியம் குடும்பத்தாரிடமிருந்து கிடைத்தது. அதன் தமிழ்ப்பகுதியும் வட்டெழுத்தே. சிதறால் கல்வெட்டையும் பாலியம் செப்பேட்டையும் கொடைபெறுவோர் பெயர், நிலவுரிமைச் சொற்கள் ஆகியவற்றின் அடிப்படையில் ஒப்பிட்ட பின்னரே கல்லில் பற்றி ‘மாற்றப்பட்டது’ என்னும் சொல்லை ஆளுதல் முறையாகும்.