எத்தனை மதர்போர்டு?

பழைய மின்சாமான்களால் செய்த சிற்பத்தைப் பார்த்ததும் நம்மாட்கள் கேட்கிற முதல் கேள்வி, "இதுல எத்தனை மதர்போர்டு இருக்கு?" ஏதோ ஒரு நம்பர் பதிலாக வரும். செல்ஃபி எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவோம். சர்க்யூட் மான், கீபோர்டு யானை வகையறாக்களில் எனக்குள்ள சிக்கல் இதுதான்: அந்த மானுக்குப் பச்சை பெயின்ட் அடித்திருந்தாலும் பெரிதாக ஒன்றும் மாறியிருக்காது. பொருள் அங்கே வெறும் நிறமாகிவிடுகிறது.

பிக்காசோ 1942இல் ஒரு சைக்கிள் சீட்டையும் ஹேண்டில்பாரையும் சேர்த்து எருதுத் தலை செய்தார். இரண்டே பொருள். எருது தெரியும்போதே சைக்கிளும் தெரிகிறது. நமக்குச் சிரிப்பு வருவது அதனால்தான்.

நம் நாட்டில் இதைப் பெரிய அளவில் செய்தவர் நேக் சந்த். பிரிவினையில் ஊரை இழந்து வந்தவர். சண்டிகர் பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளர். லெ கொர்பூசியே வடிவமைத்த அந்தப் புது நகரத்துக்காகப் பல கிராமங்களை இடித்தார்கள். அந்த உடைசல்களைச் சைக்கிளில் பொறுக்கிவந்து, ஐம்பதுகளின் இறுதியிலிருந்து, அரசு நிலத்தில், அனுமதி இல்லாமல் ரகசியமாக உருவங்கள் செய்தார். எழுபதுகளின் நடுவில் அதிகாரிகள் கண்ணில் பட்டது. இடிக்காமல், 1976இல் பாறைத் தோட்டமாகத் திறந்தார்கள்.

அங்கே பீங்கான் மின்சாமான்களைப் பதித்த சுவர் உண்டு. உடைந்த கண்ணாடி வளையல்களையே உடுத்திய பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள். பார்க்க வேடிக்கையான பொம்மைகள். ஆனால் உடைந்த வளையலுக்கு என்ன அர்த்தம் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சிரித்துக்கொண்டே வந்தவர்கள் ஒரு நிமிஷம் நின்றுவிடுவோம். பின்னால் சேர்ந்த ஊஞ்சல்களும் பெரிய அருவிகளும் எனக்கு ஒட்டவில்லை. அது பிக்னிக் ஸ்பாட், அவ்வளவுதான்.

இதைக் காஞ்சிபுரத்திலிருந்து எழுதுகிறேன். இங்கே தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டியில் துளை போட்ட அட்டைகள் தொங்கும். ஓட்டை இருந்தால் இழை மேலே போகும், இல்லாவிட்டால் கிடக்கும். 1804 வாக்கில் பிரான்சின் லியோனில் உருவான இந்த ஏற்பாட்டிலிருந்துதான் பிற்காலக் கணினிகளின் துளை அட்டைகள் வந்தன. எலக்ட்ரானிக் ஜக்கார்டு ஏறிய தறியில் இப்போது அட்டைக்கு வேலையில்லை. இதே மாவட்டத்தில், ஸ்ரீபெரும்புதூரில், 2006இல் தொடங்கிய நோக்கியா ஆலை 2014இல் உற்பத்தியை நிறுத்தியது. ஆயிரக்கணக்கானவர்கள் வேலை இழந்தார்கள்.

நாளைக்கு யாராவது இந்த அட்டைகளையும் பழைய போன்களையும் சேர்த்து ஓர் அன்னம் செய்யலாம். பட்டுப்புடவையில் இருக்கிற அன்னம் மாதிரியே அழகாக வரலாம். நானும் போய்ப் பார்ப்பேன். எத்தனை அட்டை என்று கேட்கமாட்டேன். அந்த அட்டை இழை தூக்கியது, அந்த போனை ஒரு பெண் ஷிஃப்டில் நின்று பூட்டினாள் என்பது அன்னத்தில் எங்காவது தெரிகிறதா என்று தேடுவேன். தெரியாவிட்டால், அந்தச் சாமான்களை இரண்டாவது தடவையாகக் குப்பையில் போட்டிருக்கிறோம். இந்தத் தடவை கைதட்டலோடு.