காளத்தியின் எழுதுகோல்

ஓவியத்தைக் கண்ணுக்கு விருந்து என்பர். திருக்காளத்தியின் கலம்காரியோ கண்ணால் படிக்க வேண்டிய நூல். 'கலம்' என்னும் பாரசீகச் சொல்லுக்கு எழுதுகோல் என்பதே பொருள். ஓவியர் கையில் இருப்பதும் கூர் சீவிய மூங்கிற்குச்சியே. அதன்மேல் சுற்றிய நூலோ கம்பளியோ மையை உறிஞ்சி வைத்திருக்க, விரலின் அழுத்தத்திற்கேற்ப மை துணியில் இறங்குகிறது. ஆதலின் இக்கலையை மதிப்பிடப் புகுவோர் வண்ணங்களைப் பின்னர்க் கண்டு, கோடுகளையே முதலில் நோக்குதல் வேண்டும்.

காரணம் செய்முறையிலேயே உள்ளது. கடுக்காயும் பாலும் ஊட்டிய பருத்தித் துணியில், இரும்பும் வெல்லமும் பல நாள் ஊறிப் பிறந்த மை பட்டதும் கருமை பற்றிக்கொள்கிறது. கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் கூடி விளைந்த அக்கருமையை அழித்தெழுத இயலாது. செம்மையின் நிலை வேறு. படிகார நீர் தீட்டிய இடங்கள் முதலில் வெளிறியே கிடக்கும். வேர்ச்சாயத்தில் துணியைக் கொதிக்கவைத்த பின்னரே சிவப்பு மலரும். ஓவியர் இன்னும் தோன்றாத வண்ணத்தை மனத்தில் கண்டு தீட்டுகிறார். துணியை அலச ஓடும் நீர் வேண்டும். பொன்முகலி ஆற்றங்கரையில் இக்கலை வேரூன்றியதற்கு அதுவும் ஒரு காரணம்.

நலிந்திருந்த இக்கலைக்கு 1950களின் இறுதியில் அகில இந்தியக் கைவினை வாரியம் காளத்தியில் பயிற்சி நிலையம் அமைத்தது. கமலாதேவி சட்டோபாத்யாயரின் ஊக்கம் அதன் பின்னணி. அங்குப் பயிற்றுவித்தவர் ஜொன்னலகட்ட லட்சுமையா. அவர் மகன் குரப்ப செட்டி 2008இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். குடும்பச் சொத்தாக இருந்த நுட்பம் ஊர்ச் சொத்தானதே இவ்வரலாற்றின் சிறப்பு. இன்று பெண்கள் பலர் இத்தொழிலில் ஈடுபட்டுள்ளனர்.

கோயில் திரைச்சீலைகளில் நடுவே ஒரு பெருங்காட்சியும், சுற்றிலும் வரிசை வரிசையாகக் கட்டங்களும் அமையும். கட்டங்களுக்கிடையே தெலுங்கில் கதை எழுதப்பட்டிருக்கும். அவ்வெழுத்தை வாசிக்க அறியாதவரும் கட்டங்களைத் தொடர்ந்து கதையை உணர்வர். கட்டந்தோறும் அதே தலைமகன் மீண்டும் வருவதால், கண் நடந்துகொண்டே படிக்கிறது.

இங்கேதான் நம் சங்கக் குடும்பங்களுக்கு ஒரு செய்தி உண்டு. திண்ணனார் என்னும் வேடர் கண்ணப்பராகிய கதையைச் சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் தமிழில் பாடினார். கிருஷ்ணதேவராயர் காலத்துத் தூர்ஜடி அதே வேடரைத் தெலுங்கில் பாடினார். இருவரும் பாடிய ஊர் திருப்பதியிலிருந்து 40 கிலோமீட்டருக்குள் உள்ளது. 2022 வரை சித்தூர் மாவட்டத்திலிருந்த காளத்தி இன்று திருப்பதி மாவட்டத்தில் அடங்கும். எல்லைகள் மாறினும் கதை இருமொழிக்கும் உரியதாகவே நிற்கிறது. நம் வீட்டில் பாட்டி தமிழ் படிப்பார். பேரன் பள்ளியில் தெலுங்கு படிப்பான். இருவரும் ஒருவர் நூலை மற்றவர் வாசிக்க இயலாதவர்கள். கதை எழுதிய ஒரு திரைச்சீலையின் முன் இருவரையும் நிறுத்துங்கள். பேரன் எழுத்தை வாசிப்பான், பாட்டி கதையைச் சொல்வார்.

குறையும் கூறவேண்டும். கலம்காரி என்ற பெயரில் இயந்திர அச்சுத் துணிகள் கடைகளில் குவிகின்றன. அவற்றில் வண்ணம் உண்டு. கதையும் இல்லை, கையின் நடுக்கமும் இல்லை. மசூலிப்பட்டினத்தின் அச்சுக்கட்டைக் கலம்காரி தனி மரபு. அதனை இவற்றோடு சேர்த்தல் கூடாது. காளத்திக்கும், 2021இல் நம் கருப்பூர்க் கலம்காரிக்கும் கிடைத்த புவிசார் குறியீடு ஒரு வேலியே. பயிரைக் காப்பவர் வாங்குவோர்தாம். திருமணப் பரிசாகத் துணி வாங்கும் அன்பர்கள் கோட்டை உற்று நோக்குக. ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் ஓடினால், அங்கே ஒரு மனிதரின் மூச்சு இருக்கிறது என்று அறிக. அதற்குரிய விலையைப் பேரம் பேசாது தருக.