கரடி மாதிரி ஒரு கரடி

வன்னிக் காட்டில் பாலைப்பழம் பழுக்கும் காலத்தில் ஆளுக்கும் கரடிக்கும் போட்டி. மரத்தில் ஏறிக் கொப்பு கொப்பாகப் பழம் தின்னும் அந்தக் கரடிக்கு விஞ்ஞானம் வைத்திருக்கும் பெயர் மெலுர்சஸ் உர்சினஸ். இலத்தீனில் ‘மெல்’ தேன், ‘உர்சஸ்’ கரடி, ‘உர்சினஸ்’ கரடி மாதிரியானது. ஆக, கரடி மாதிரியான தேன்கரடி. கரடி கரடி மாதிரி இல்லாமல் வேறு எது மாதிரி இருக்கும்?

நடந்தது இதுதான். 1791 இல் ஜோர்ஜ் ஷோ என்ற ஆங்கிலேயர், இதன் நீண்ட வளைந்த நகங்களையும் முன்வரிசையில் பல் குறைந்திருப்பதையும் வைத்து, தென் அமெரிக்க மரங்களில் தலைகீழாகத் தொங்கும் ஸ்லோத் என்ற மந்தப் பிராணியின் இனம் என்று முடிவு கட்டினார். ‘பிராடிபஸ் உர்சினஸ்’, கரடி மாதிரியான ஸ்லோத், என்று எழுதியும் வைத்தார். கரடியேதான் என்று பின்னால் வந்தவர்கள் கண்டு முதற்சொல்லை மாற்றினார்கள். இரண்டாம் சொல்லை மாற்ற முடியாது. முதலில் வைத்தது நிலைக்கும் என்பது பெயரிடும் சட்டம். அதனால் அந்த மனிதர் தடுமாறிய கணம் இன்றைக்கும் முல்லைத்தீவுக் காட்டில் நான்கு காலில் நடக்கிறது.

இப்பெயர்களில் எனக்கு ருசி பிடித்தது இப்படியான இடங்களில்தான். உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் பிள்ளைக்கு அவை கசப்பு மருந்து. ஒரைசா சட்டிவா என்று ஒரே மூச்சில் ஒப்புவிக்கும். நெல் என்பதற்கு மேலே அதில் ஏதும் உண்டென்று ஒருவரும் சொல்லியிருக்க மாட்டார்கள். உண்டு. ‘செரெரே’ என்றால் விதைத்தல். ‘சட்டிவா’ அதிலிருந்து வருவது: விதைக்கப்படுவது. தானாக முளைத்ததையும் கையால் விதைத்ததையும் உரோமக் கமக்காரன் பிரித்துப் பேசிய சொல் அது. நாற்று நடும் ஊர்களுக்கு அது அரைகுறையாகத்தான் பொருந்தும். காய்ந்த நிலத்தை உழுது, மழை வரும் என்ற நம்பிக்கையில் கடகத்து நெல்லை அள்ளி வீசும் வன்னியின் புழுதி விதைப்புக்கு அச்சொட்டாகப் பொருந்துகிறது.

பெயரை வைத்தவர் சுவீடனின் லின்னேயஸ். இலங்கைக்கு வந்தவரல்லர். 1670களில் ஒல்லாந்தக் கம்பனியின் வைத்தியராக இங்கிருந்த போல் ஹெர்மன் காயவைத்துக் கொண்டுபோன செடிகள், பல கை மாறி லின்னேயஸிடம் சேர்ந்தன. அவற்றைப் பார்த்து 1747 இல் அவர் எழுதியதுதான் ‘ஃபுளோரா சைலானிகா’. அப்போது ஒரு செடியின் பெயர் ஒரு நீட்டு வாக்கியம். 1753 இல் வந்த நூலில் அத்தனையையும் இரண்டு சொல்லாக நறுக்கினார்: ஒன்று குடிப்பெயர், மற்றது அடைமொழி. அடைமொழிக்கு ஒரு சொல்தான் அனுமதி. கைதேர்ந்தவர் யார், கடமைக்கு வைத்தவர் யார் என்பது அந்த ஒரு சொல்லில் தெரிந்துவிடும்.

கார்த்திகைப்பூவைப் பாருங்கள். மாரி மழையோடு வேலியில் படரும் கொடி. இலையின் நுனியே சுருண்டு தந்தாகிப் பற்றைகளைப் பிடிக்கும். பூ தலையைக் கவிழ்த்துக்கொள்ள, ஆறு இதழும் எதிர்ப்பக்கமாக மேலே மடிந்து நிற்கும். பச்சையில் தொடங்கி மஞ்சளாகிச் செந்தீயில் முடியும். கிழங்கு கொல்லும் நஞ்சு. இதற்கு லின்னேயஸ் வைத்தது குளோரியோசா சுபெர்பா. முதற்சொல் முல்லைத்தீவுக் கரையோரக் கத்தோலிக்க ஊர்களுக்குப் புதிதல்ல. 1960கள் வரை பூசை இலத்தீனில் நடந்ததால் ‘குளோரியா’ என்ற மகிமைப் பாட்டு அங்கே பழைய ஆட்களின் காதில் பதிந்தது. ஆனால் ருசி இரண்டாம் சொல்லில். ‘சுபெர்பா’ என்றால் அற்புதம் என்றே பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். பழைய இலத்தீனில் அதன் முதற்பொருள் இறுமாப்பு. உரோமின் கடைசி அரசன் தர்க்குவினியஸின் பட்டப்பெயர் அதுவே. குடிகள் அவனைப் புகழ்ந்து வைத்ததல்ல. தொட்டால் பார்த்துக்கொள் என்று கிழங்கில் நஞ்சை வைத்துக்கொண்டு வேலிக்கு மேலே நிற்கும் பூவுக்கு, அற்புதம் என்பதைவிடச் செருக்கு என்பது எத்தனை மடங்கு சரி!

இலக்கணத்திலும் வேடிக்கை இருக்கிறது. உரோமருக்கு மரங்கள் பெரும்பாலும் பெண்பால். பெயர் ஆண்பால் போல ‘உஸ்’ என்று முடிந்தாலும் அடைமொழி பெண்பாலில்தான் வரவேண்டும். அதனால் புளி ‘டமரிண்டஸ் இண்டிகஸ்’ ஆகாமல் டமரிண்டஸ் இண்டிகா ஆனது. புளியங்குளத்துப் புளியில் இருக்கும் பேய் எப்போதும் பெண்ணாகவே இருப்பதற்கு இலத்தீன் இலக்கணமும் சாட்சி.

பனையில்தான் இது தடம் மாறுகிறது. பொராசஸ் ஃபிளாபெல்லிஃபெர்: ‘ஃபிளாபெல்லும்’ விசிறி, ‘ஃபெர்’ சுமப்பவன். பாப்பரசரின் பவனியில் இருபக்கமும் தூக்கிச் சென்ற பெரிய இறகு விசிறிகளுக்கும் ஃபிளாபெல்லும் என்றே பெயர். பெயர் அழகு, ஆனால் பெண்பாலென்றால் ‘ஃபெரா’ என்று முடியவேண்டும். முருங்கை ஒலெய்ஃபெரா, எண்ணெய் சுமப்பவள். தென்னை நுசிஃபெரா, கொட்டை சுமப்பவள். பனை மட்டும் சுமப்பவன். நுங்கு எந்தப் பனையில் காய்க்கும் என்று கிளிநொச்சியில் ஒரு சிறுவனைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பான். மாங்குளத்து மாவுக்கு வந்த மாஞ்சிஃபெராவில் பாதி நம் பக்கத்துச் சரக்கு: மாங்காய் போர்த்துக்கீசர் வாயில் ‘மங்கா’வாகி, இலத்தீன் வாலை ஒட்டிக்கொண்டு திரும்பி வந்திருக்கிறது.

வீரைக்கு வந்த அடைமொழி ‘செப்பியாரியா’, வேலிக்குரியது. பெயர் வைத்தவர் அதை எங்கோ வேலிப் பற்றையாகக் கண்டிருக்கவேண்டும் என்பது என் ஊகம். நெடுங்கேணிப் பக்கம், அடிமரம் முறுக்கி விலா எலும்பு போலப் புடைத்து நிற்கும் முதிர்ந்த வீரையின் கீழ் அவரைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தால் வேறு சொல் கிடைத்திருக்கும். மருதுக்கு அந்தக் குறை இல்லை. டெர்மினாலியா: ‘தெர்மினுஸ்’ என்றால் எல்லை, முடிவு. இந்தக் குடும்பத்து மரங்களில் இலைகள் கொப்பின் நுனியில் கூடும் என்பதைக் கவனித்து வைத்த பெயர். அந்தச் சொல்லே வயல் எல்லைக் கல்லைக் காக்கும் உரோமத் தெய்வத்துக்கும் பெயர். எல்லைக் கல்லுக்காக மூன்று தலைமுறை வழக்காடும் நமக்கு அந்தத் தெய்வம் இல்லாமற் போனது நட்டம்தான்.

எனக்குப் பிடிக்காதவையும் உண்டு. ‘இண்டிகா’, ‘சைலானிகா’ இரண்டும் தபால் முத்திரை. எங்கிருந்து வந்தது என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லமாட்டா. ஆட்பெயர் வைப்பது அதைவிட மோசம். முதிரையின் முதற்பெயர் குளோரோசைலன், இலத்தீன் உடுப்புப் போட்ட கிரேக்கம்: மஞ்சளோடிய பச்சை மரம். வாளில் அறுத்த பலகையின் மஞ்சள் மினுக்கத்தைக் கண்டவர்கள் தலையாட்டுவார்கள். அத்தோடு விட்டிருக்கலாம். பின்னால் தொங்கும் ‘சுவியெட்டேனியா’ வியன்னா அரண்மனை வைத்தியர் வான் சுவீட்டன் பெயரிலிருந்து வந்தது. வவுனியாத் தச்சுப் பட்டறையில் அவருக்கு என்ன வேலை?

யானைக்கு 1758 இல் லின்னேயஸ் வைத்தது எலிஃபஸ் மாக்சிமஸ். ‘மாக்சிமஸ்’, எல்லாவற்றிலும் பெரியது. அவருக்கு யானை ஒரே இனம்தான். ஆபிரிக்க யானை வேறென்றும் உருவத்தில் இன்னும் பெரிதென்றும் பிறகு தெரிந்தது. போதாததற்கு, அவர் பார்த்து எழுதிய, சாராயத்தில் ஊறிய யானைச் சிசுவே ஆபிரிக்க இனம் என்று 2013 இல் மரபணுச் சோதனை காட்டிக்கொடுத்தது. பட்டம் மட்டும் ஆசிய யானையிடமே நிலைத்தது. அதற்குள்ளும் இலங்கை யானை தனிக் கிளையினம் என்பதால் மூன்றாம் சொல் ஒன்று தேவைப்பட்டது. சட்டப்படி முதற் கிளைக்கு அதே சொல்லைத் திருப்பிச் சொல்லவேண்டும். எலிஃபஸ் மாக்சிமஸ் மாக்சிமஸ்: பெரியதிலும் பெரிய யானை. உலகக் கணக்கில் இது பொய். கதிர் முற்றிய வயலில் பரண் கட்டி, யானைவெடியைக் கையில் வைத்துக்கொண்டு விடியவிடியக் குந்தியிருக்கும் ஒட்டுசுட்டான் கமக்காரர் இன்னுமொரு மாக்சிமஸ் சேர்க்கச் சொல்லுவார்.