ஈரநெல்லும் சூரிய உலர்த்தியும்: செஞ்சிக் களத்திலிருந்து ஒரு திறனாய்வு

முன்னுரை

செஞ்சிக்கோட்டையின் உட்பகுதியில், கல்யாண மகாலுக்கு அருகே, தடித்த சுவர்களும் வளைவுக் கூரையும் கொண்ட நெற்களஞ்சியம் நிற்கிறது. 1690 முதல் 1698 வரை நீடித்த முகலாயர் முற்றுகையைப் பற்றி எழுதுவோர் இக்கோட்டையின் மதில்களையும் குளங்களையும் விரிவாகப் பேசுவர். ஆனால், களஞ்சியம் பயன்பட வேண்டுமெனில் அதற்குள் செல்லும் நெல் முன்பே உலர்ந்திருக்க வேண்டும். ஈரம் 14 விழுக்காட்டுக்கு மேற்பட்ட நெல்லை நெடுநாள் சேமித்தால் அதில் பூஞ்சை பிடிக்கும், அது தானே சூடேறும், நிறம் மாறும். கோட்டைக்கு வெளியே இன்று இயங்கும் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்திலும் இதே சிக்கல் தொடர்கிறது. நெல்லை உலர்த்துவது யார், எங்கே, எவ்வளவு நேரத்தில் என்பதே அது. சூரிய உலர்த்திகள் குறித்த பொறியியல் ஆய்வுகள் இவ்வினாவுக்கு எவ்வளவு விடை தருகின்றன என்பதை இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

ஆய்வுகளின் பொதுப் போக்கு

சூரிய உலர்த்தி பற்றிய ஆய்வுக்கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே அமைப்பைப் பின்பற்றுகின்றன. ஒரு வெப்பமேற்றி, ஓர் உலர் அறை, சில கிலோ மிளகாய் அல்லது திராட்சை அல்லது கொப்பரை, தெளிந்த வானமுள்ள சில நாள்கள் ஆகியவை அவற்றின் களம். திறந்தவெளி உலர்த்தலைவிட எத்தனை மணி நேரம் மிச்சமாயிற்று, வெப்பத்திறன் எத்தனை விழுக்காடு, உலர்தல் வளைவுக்கு எந்தச் சமன்பாடு நெருங்கிப் பொருந்துகிறது என்பன முடிவுகளாக வரும். இவற்றின் பயனை மறுப்பதற்கில்லை. தூசியும் பறவை எச்சமும் படியாத மிளகாயும் பூஞ்சை பிடிக்காத கொப்பரையும் மெய்யான ஆதாயங்களே. ஆனால், இதே அளவுகோலை நெல்லுக்கு மாற்றும்போதுதான் இடர் எழுகிறது. நெல் மூட்டைக்கணக்கில் வருவது. ஊர் முழுவதும் ஒரே வாரத்தில் அறுவடையாவது.

‘ஈரப்பதம்’ என்னும் சொல்

முதற்குறை சொல்லில் உள்ளது. தமிழில் ‘ஈரப்பதம்’ என்னும் ஒரே சொல் மூன்று பொருள்களில் வழங்குகிறது. காற்றின் ஈரம் ஒன்று. ஈரநெல்லின் மொத்த எடையில் நீரின் பங்கு இரண்டாவது. உலர்பொருளின் எடையோடு ஒப்பிட்ட நீரின் அளவு மூன்றாவது. கொள்முதல் நிலையம் இரண்டாவதைக் கணக்கிடுகிறது. உலர்தல் சமன்பாடுகள் மூன்றாவதைக் கையாளுகின்றன. கொள்முதல் நிலையத்தில் 22 விழுக்காடு எனப்படும் நெல், உலர்பொருள் அடிப்படையில் ஏறத்தாழ 28 விழுக்காடு ஆகிறது. 17 விழுக்காடு 20.5 ஆகிறது. எந்த அடிப்படை என்று குறிக்காத தமிழ்க் கட்டுரையின் அட்டவணையை உழவரோ அலுவலரோ பயன்படுத்த இயலாது. ‘ஈர எடை அடிப்படை’, ‘உலர் எடை அடிப்படை’ என இரண்டையும் பிரித்தெழுதுவது நம் இதழ்கள் உடனே கட்டாயமாக்கத்தக்க எளிய நெறி.

அளவும் பரப்பும்

நேரடி நெல் கொள்முதலில் ஈரத்தின் பொது வரம்பு 17 விழுக்காடு. மழை மிகுந்த பருவங்களில் இது தளர்த்தப்படுவதுண்டு. 2022இல் தமிழகத்துக்கு 19 விழுக்காடு வரை இசைவு தரப்பட்டது. 22 விழுக்காட்டு நெல்லை 17க்குக் கொணர வேண்டுமெனில், 100 கிலோவுக்கு 6 கிலோ நீரை ஆவியாக்க வேண்டும். இதற்குத் தேவையான வெப்பம் ஏறத்தாழ 14.4 மெகாஜூல், அதாவது 4 கிலோவாட் மணி. தெளிந்த நாளில் ஒரு சதுர மீட்டரில் 5 கிலோவாட் மணி வெயில் விழுவதாகவும், உலர்த்தியின் முழுத்திறன் 25 விழுக்காடு எனவும் கொண்டால், 100 கிலோவை ஒரே நாளில் உலர்த்த 3.2 சதுர மீட்டர் வெப்பமேற்றி வேண்டும்.

ஒன்றரை ஏக்கரில் விளையக்கூடிய 75 கிலோ மூட்டைகள் 40ஐ எடுத்துக்கொள்வோம். 3,000 கிலோவுக்கு 96 சதுர மீட்டர் தேவை. மேகம் மூடி வெயில் பாதியானால் தேவை இருமடங்காகும். திறனை 25இலிருந்து 30 விழுக்காடாக உயர்த்தினாலும் தெளிந்த நாளின் தேவை 80 சதுர மீட்டருக்குக் கீழ் இறங்காது. ஓர் ஆய்வு திறனில் காட்டும் ஐந்து விழுக்காட்டு முன்னேற்றத்தின் உண்மையான எடை இதுவே. மேலும், உலர்த்தி மிகவும் வேண்டப்படும் மழைநாளில்தான் வெயில் மிகவும் குறைகிறது. தெளிந்த நாளில் மட்டும் செய்த சோதனை இம்முரணைத் தொடுவதே இல்லை.

எடையும் விலையும்

இரண்டாவது விடுபாடு பொருளியல் சார்ந்தது. உலர்ந்தபின் 100 கிலோ நெல் 94 கிலோவாகிறது. எனவே கிலோ விலை குறைந்தது 6.4 விழுக்காடு கூடினால்தான் உழவர் பழைய வருவாயையே எட்டுவார். கூலியும் கருவிச்செலவும் இதற்கு மேல். கொள்முதல் நிலையத்தில் வரம்பு மீறிய நெல் திருப்பப்படும் என்பதால் உலர்த்தலுக்குப் பொருள் உண்டு. ஏலத்தில் ஈரநெல்லுக்கும் உலர்நெல்லுக்கும் விலை வேறுபாடு சிறிதாயின், உழவர் உலர்த்தாமல் விற்பது அறியாமையன்று, சரியான கணக்கே. ‘முதலீடு மீளும் காலம்’ கணக்கிடும் கட்டுரை இவ்வெடையிழப்பைச் சேர்க்காவிடில் அதன் முடிவு உழவருக்கு உதவாது.

பருவத்திலிருந்து பிறந்த ஆய்வு

மாற்றுவழிக்குச் சான்று தமிழகத்திலேயே உண்டு. 1960களின் நடுவில் பரவிய ஆடுதுறை 27 என்னும் குறுகியகால நெல், காவிரிப்படுகையில் குறுவை அறுவடையை மழையோடு மோதவிட்டது. அந்த ஈரநெல் சிக்கலை எதிர்கொள்ள 1967இல் திருவாரூர் நவீன அரிசி ஆலையில் தோன்றிய ஆய்வகமே பின்னர்த் தஞ்சாவூரில் நெல் பதப்படுத்தும் ஆராய்ச்சி மையமாக வளர்ந்து, இன்று உணவுத் தொழில்நுட்பத்துக்கான தேசிய நிறுவனமாக விளங்குகிறது. அங்கு வினா கருவியிலிருந்து எழவில்லை, பருவத்திலிருந்து எழுந்தது.

அவ்வகையில் செஞ்சிக்கும் ஒரு வினாவை எழுப்பலாம். 100 கிலோ நெல்லில் ஏறத்தாழ 20 கிலோ உமி உண்டு. மேற்கூறிய 6 கிலோ நீரை, 30 விழுக்காட்டுத் திறனுள்ள உலர்த்தியில் நீக்க 4 கிலோ உமிக்கும் குறைவாகவே போதும். ஆக, எரிபொருளுக்குப் பஞ்சமில்லை. ஆனால், உமி ஆலையில் கிடைக்கிறது. ஈரநெல் களத்திலும் விற்பனைக்கூடத்திலும் கிடக்கிறது. வெயில் நாளில் சூரியவெப்பமும் மழைநாளில் உமிவெப்பமும் கொண்டு விற்பனைக்கூடத்திலேயே இயங்கும் பொது உலர்த்தியை வடிவமைப்பதும், அதன் வாடகையை மூட்டைக்கணக்கில் மதிப்பிடுவதும் ஆய்வுக்குரியன. தானியத்தின் வெப்பம் மிகுந்தால் அரிசி வெடித்துக் குருணை கூடும் என்பதால், அரவையின் முழு அரிசி விழுக்காடும் முடிவுகளில் இடம்பெற வேண்டும்.

முடிவுரை

நெல் உலர்த்தி குறித்த கட்டுரையை மதிப்பிடுவோர் நான்கு கேள்விகளைக் கேட்கலாம். ஈரம் எந்த அடிப்படையில் அளக்கப்பட்டது? ஒரு நாளில் எத்தனை மூட்டை உலர்ந்தது? மழைநாளில் சோதிக்கப்பட்டதா? எடையிழப்புக்குப்பின் உழவர் கையில் மிஞ்சியது எவ்வளவு? வெப்பத்திறன் இவற்றுக்குப் பின்னரே பேசத்தக்கது.