கனவும் களஞ்சியமும்

1882 இறுதியில் அடையாற்றில் தலைமையகம் அமைத்த பிரம்மஞான சபையின் முன்னணி எழுத்தாளர் லெட்பீட்டர், 1898இல் கனவுகள் குறித்து ஒரு சிறுநூல் வெளியிட்டார். மெய்க்காட்சி, முன்னறிவிப்பு, குறியீடு, தொடர்புடையது, குழப்பமானது எனக் கனவை 5 வகையாகப் பகுக்கிறார். உறங்குமுன் எழும் கடைசி எண்ணம் உயர்ந்ததாக இருக்கட்டும் என்னும் அவரது அறிவுரை, ஒளுவுடனும் திக்ருடனும் படுக்கைக்குச் செல்லும் நமக்குப் புதிதன்று. ஆயினும் கனவு அவருக்குக் கண்டவனின் தனிச்சொத்து. பயிற்சி முதிர்ந்தால் பொருளும் அவனுக்கே தெளியும்.

சூரா யூசுஃபில் அது பிறருக்கும் சேரும் அமானிதம். யாரிடம் சொல்வது என்பதே அங்கு முதற்கேள்வி. 11 விண்மீன்களைக் கண்ட மகனிடம், உன் சகோதரர்களிடம் கூறாதே என்கிறார் யஃகூப் (அலை). எகிப்திய மன்னனின் கனவையோ அவையோர் குழப்பக் கனவென ஒதுக்கினர். லெட்பீட்டரின் ஐந்தாம் வகையில் சேர்த்தார்கள் எனலாம்! சிறையிலிருந்த யூசுஃப் (அலை), மெலிந்த 7 பசுக்கள் கொழுத்த 7 பசுக்களைத் தின்றதில் வரவிருக்கும் பஞ்சத்தைக் கண்டார். பொருளுரைத்ததோடு நில்லாமல், விளைச்சலைக் கதிரிலேயே விட்டுச் சேமிக்கும் வழியையும் கூறினார். நாடு பிழைத்தது.

தலையணையருகே குறிப்பேடு வைத்துத் தம் கனவுகளை எழுதிவரும் நம் இளையோர், லெட்பீட்டரைத் தாராளமாகப் படிக்கலாம். அவருடைய நூலில் அந்தத் தானியக் களஞ்சியம் மட்டும் இல்லை.