எலியைக் காத்த ஹார்மோன் மனிதனைக் காக்குமா?

"சிறுநீரகத்தைக் காக்கும் அதிசய ஹார்மோன்" என்பது போன்ற தலைப்பைப் பார்த்ததும் நமக்கு மகிழ்ச்சி உண்டாவது இயல்பே. செய்தியை முழுதும் படித்தால், எங்கோ ஒரு மூலையில் 'எலிகளில்' என்ற சொல் ஒதுங்கி நிற்பதைக் காணலாம். தலைப்புக்கும் அந்தச் சொல்லுக்கும் இடையே உள்ள தொலைவு எவ்வளவு? எரித்ரோபாயிட்டின் என்னும் ஹார்மோனை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதை ஆராய்வோம்.

குருதி திரும்பி வந்தால் கேடா?

இதயம் வெளியேற்றும் குருதியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்குச் செல்கிறது. இதய அறுவையின்போதும், பெருமளவு குருதி இழக்கும்போதும் இந்த ஓட்டம் குறைகிறது. மாற்றுச் சிறுநீரகம் பொருத்துவதற்காக ஒருவர் உடலிலிருந்து சிறுநீரகத்தை எடுக்கும்போது முற்றிலும் நின்றுவிடுகிறது. ஆக்சிஜன் கிடைக்காத நுண்குழல் செல்கள், ஏ.டி.பி. என்னும் தங்கள் ஆற்றல் சேமிப்பைச் செலவழித்துவிடுகின்றன. அது சிதைந்து ஹைப்போசாந்தின் என்ற பொருளாகத் தேங்குகிறது.

குருதி மீண்டும் பாயும்போது ஆக்சிஜன் வெள்ளமெனப் புகுகிறது. தேங்கிய பொருள் நொதியின் துணையால் ஆக்சிஜனுடன் வினைபுரிகிறது. அப்போது தோன்றும் வீரியமிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகள் செல்களின் சவ்வுகளைத் தாக்குகின்றன. செல்லுக்குள் கால்சியம் மிகுகிறது, மைட்டோகாண்டிரியாக்கள் பழுதடைகின்றன, வெள்ளணுக்கள் திரண்டு வந்து அழற்சியை உண்டாக்குகின்றன. நெடுநாள் பட்டினி கிடந்தவனுக்கு ஒரேயடியாக விருந்து வைத்தால் எப்படியோ, அப்படித்தான் இதுவும். குருதியைத் திருப்பி விடாவிட்டாலோ செல்கள் மடிவது உறுதி. ஆகவேதான் இந்த இக்கட்டில் காக்கும் மருந்தொன்றை மருத்துவர்கள் பல ஆண்டுகளாகத் தேடுகிறார்கள்.

சிறுநீரகமே சுரக்கும் ஹார்மோன்

எலும்பு மஜ்ஜையைத் தூண்டிச் சிவப்பணுக்களைப் பெருக்குவது எரித்ரோபாயிட்டினின் வேலை. வளர்ந்த மனிதரில் இதைப் பெரும்பாலும் சிறுநீரகமே சுரக்கிறது. இப்படி ஒரு பொருள் இருக்க வேண்டும் என்று 1906இல் பாரிசில் கார்னோவும் தெஃப்லாந்தரும் கருதினார்கள். 1977இல் கோல்ட்வாசர் குழுவினர் சோகை நோயாளிகளின் 2,550 லிட்டர் சிறுநீரிலிருந்து இதைத் தூய நிலையில் பிரித்தெடுத்தார்கள். 1989இல் அமெரிக்காவில், சிறுநீரக நோயாளிகளின் சோகைக்கு மருந்தாக இசைவு பெற்றது. அந்த வகையில் இது பல்லாயிரம் பேருக்கு நன்மை செய்தது என்பதில் ஐயமில்லை.

2003, 2004ஆம் ஆண்டுகளில் பல ஆய்வுக்கூடங்கள் புதிய செய்தியை வெளியிட்டன. எலிகளின் சிறுநீரகத் தமனியை இடுக்கியால் அடைத்துத் திறந்தபோது, இந்த ஹார்மோன் பெற்ற எலிகளில் குறைவான செல்களே மடிந்தன. ஆய்வுகள் கவனமாகச் செய்யப்பட்டவையே. அவற்றிலிருந்து நாம் எடுத்த முடிவில்தான் அவசரம் இருந்தது.

மனிதரில் நடந்தது என்ன?

2009இல் கொரியாவில், இதய அறுவைக்கு உள்ளான 71 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. ஹார்மோன் பெற்றவர்களில் 8 விழுக்காட்டினருக்கும், பெறாதவர்களில் 29 விழுக்காட்டினருக்கும் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது. நம்பிக்கை வளர்ந்தது. ஆனால் 2010இல் நியூசிலாந்தில் 162 நோயாளிகளிடம் நடந்த ஆய்வில் பயன் எதுவும் தெரியவில்லை. சிறுநீரில் நொதிகளை அளந்து, கேட்டை முன்கூட்டியே கண்டறிந்து, சராசரியாக மூன்றரை மணி நேரத்துக்குள் நோயாளிகளைச் சிகிச்சைக்குத் தேர்ந்தெடுத்தும் இதுவே முடிவு.

"மருந்து தாமதமாகப் போய்ச் சேர்ந்தது, அதனால்தான் பயனில்லை" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. ஆனால் மாற்றுச் சிறுநீரகம் பொருத்தும்போது குருதி திரும்பும் நேரம் மருத்துவருக்கு முன்பே தெரியும். 2012இல் நெதர்லாந்தில் 92 நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், ஒரு பிரிவினருக்கு அறுவைக்குச் சில மணி நேரம் முன்பே இதைக் கொடுத்தார்கள். புதிய சிறுநீரகம் விரைந்து வேலை செய்யவில்லை. குருதி உறைந்து அடைத்துக்கொள்ளும் தொல்லைதான் கூடியது. எனவே தாமதம் ஒன்றே காரணமன்று.

காரணங்களைத் தேட நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. ஆய்வுக்கூட எலி பெரும்பாலும் இளமையானது, நோயற்றது. அதன் தமனி அடைபடுவது அரை மணி அல்லது முக்கால் மணி நேரம். மனிதருக்குப் பொருத்தும் சிறுநீரகமோ பனிக்கட்டியில் பல மணி நேரம் இருந்தது. பெறுபவருக்கு வேறு நோய்களும் வேறு மருந்துகளும் உண்டு. சில எலிகளுக்கு உடல் எடைக்கு ஏற்பக் கொடுத்த பேரளவை மனிதருக்குக் கொடுத்தால் குருதி உறையும் அபாயம் பெருகும். இன்னொன்றும் உண்டு: வெற்றி பெற்ற எலிச் சோதனை அச்சேறுவது போலத் தோற்ற சோதனை எளிதில் அச்சேறுவதில்லை.

உடலின் பொருள் தீங்கு செய்யாதா?

"ஹார்மோன் நம் உடலிலேயே உள்ளதுதானே" என்ற எண்ணமும் தவறு. தைராக்சினும் விலங்குகளில் சிறுநீரகம் தேறுவதை விரைவுபடுத்தியது. 2000இல் வெளிவந்த ஆய்வில், திடீர்ச் சிறுநீரகச் செயலிழப்புக்கு ஆளான 59 பேரிடம் அதைச் சோதித்தார்கள். சிறுநீரகம் தேறுவதில் மாற்றமில்லை. மருந்து பெற்றவர்களில் 43 விழுக்காட்டினர் இறந்தனர். பெறாதவர்களில் இறந்தவர்கள் 13 விழுக்காட்டினரே. அப்படிச் சோதிக்காமல், எலிகளை நம்பி எல்லா மருத்துவமனைகளும் அதைக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

எலிச் சோதனைகள் வீண் என்பது இதன் பொருளன்று. குருதி திரும்பும்போது செல்லுக்குள் நடப்பனவற்றை நாம் அறிந்ததில் பெரும்பங்கு அவற்றுக்கே உண்டு. ஆனால் அவை எழுப்புவது கேள்வி, விடையன்று.

ஆகவே, மாணவர்களே, அடுத்த முறை இத்தகைய செய்தியைப் படிக்கும்போது மூன்று வினாக்களைக் கேளுங்கள். சோதனை யாரிடம் நடந்தது? எத்தனை பேரிடம், மருந்து பெறாத குழுவுடன் ஒப்பிட்டு நடந்ததா? குறைந்தது கிரியாட்டினின் என்னும் ஓர் எண் மட்டுமா, அல்லது டயாலிசிஸ் தேவையும் இறப்பும் குறைந்தனவா? இவற்றுக்கு விடை தராத செய்தியை நம்பி ஏங்குபவர், மருத்துவமனைக் கட்டிலில் கிடக்கும் நோயாளியும் அவர் குடும்பத்தாரும் ஆவர். அவர்களுக்கு நாம் தரவேண்டியது சோதித்து அறிந்த உண்மையே ஆகும்.