பிடித்திருந்தது என்றால் போதுமா?

செஞ்சியில் தேசிங்கு ராஜன் பேச்சை எடுத்தால் இரண்டு கதைகள் வரும். ஒன்று, கதைப்பாட்டும் பெரிய எழுத்துப் புத்தகமும் சொல்வது. யாருக்கும் அடங்காத குதிரையை அடக்கியவன், நவாபுக்குக் கப்பம் கட்ட மறுத்தவன், உயிர் நண்பன் மாவத்துக்காரனோடு களத்தில் விழுந்தவன். இன்னொன்று, வரலாற்று ஆசிரியர்கள் சொல்வது. தந்தை சொரூப்சிங்குக்குப் பின் செஞ்சிக்கு வந்த தேஜ்சிங் என்ற புந்தேல ராஜபுத்திர இளைஞன் சில மாதங்களே ஆண்டான். 1714 அக்டோபரில் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் படையோடு மோதி மாண்டான். சி. எஸ். சீனிவாசாச்சாரி 1943இல் எழுதிய செஞ்சி வரலாறு இந்த இரண்டாவது கதையை ஆதாரங்களோடு விவரிக்கிறது. முதல் கதைக்கு ஆதாரம் தேவைப்படவில்லை. கேட்டவர்கள் 'நல்லா இருக்கு' என்றார்கள், அது இருநூறு ஆண்டுகளுக்கு மேல் நிலைத்துவிட்டது.

அந்த 'நல்லா இருக்கு' என்ற தீர்ப்புக்கு எவ்வளவு பலம் இருக்கிறது, எங்கே அது பிசகுகிறது என்று பார்க்க இந்த ஊர் பொருத்தமான இடம். செஞ்சிக் கோட்டைக்கு அருகிலுள்ள மேலச்சேரி, திரௌபதி அம்மன் வழிபாட்டின் மூல இடங்களில் ஒன்றாகக் கருதப்படுகிறது. அமெரிக்க ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்ட்பைட்டல் 1988இல் வெளியிட்ட நூலின் துணைத்தலைப்பே செஞ்சியிலிருந்து குருக்ஷேத்திரம் வரை என்று பொருள்படும். பாரதக் கூத்து நடக்கும் ஊர்களில் விடிந்ததும் டீக்கடையில் விமர்சனம் தொடங்கிவிடும். துரியோதனன் வேஷக்காரருக்குக் குரல் போதவில்லை, கட்டியங்காரன் நேற்று இழுத்துவிட்டான், துகில் உரிதலில் கண் கலங்கியது என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். அங்கே யாரும் வெறுமனே பிடித்தது, பிடிக்கவில்லை என்று நிறுத்துவதில்லை. போன வருஷம் வந்த ஜமாவோடு ஒப்பிடுவார்கள், பாட்டைப் பாடிக் காட்டுவார்கள்.

நாவலுக்கு வரும்போது இந்தப் பழக்கம் நின்றுபோகிறது. ஒரு வாசகர் இரண்டு மாதத்தில் ஐந்து நாவல் படிக்கிறார். ஒரு சரித்திரக் கதை, ஒரு துப்பறியும் கதை, ஒரு வட்டார நாவல், ஒரு மொழிபெயர்ப்பு, பரிசு பெற்ற புத்தகம் ஒன்று. ஐந்துக்கும் ஐந்து வரியில் தீர்ப்பு: அருமை, இழுவை, ஒருமுறை படிக்கலாம், பாதியில் வைத்துவிட்டேன், மனசைப் பிசைந்தது. இந்த ஐந்து வரியை ஏளனமாக ஒதுக்குபவர்கள் தமிழ் நாவலின் வரலாற்றை அறியாதவர்கள். நம்மிடம் நாவல் விமர்சனம் வளர்ந்ததே தனி வாசகர் ஒருவரின் பிடிவாதமான அபிப்பிராயங்களிலிருந்துதான்.

அந்த வாசகர் க. நா. சுப்ரமண்யம். 'படித்திருக்கிறீர்களா?' என்று 1957இல் அவர் ஒரு புத்தகம் போட்டார். தலைப்பிலேயே அவருடைய முறை முழுதும் இருக்கிறது: நான் படித்தேன், நீங்களும் படியுங்கள். லட்சக்கணக்கானோர் வாரம் தவறாமல் படித்த கல்கியை இலக்கியக் கணக்கில் சேர்க்க முடியாது என்று அவர் தயங்காமல் சொன்னார். சிலரே அறிந்திருந்த ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' (1942) போன்ற நாவலை முன்வரிசைக்கு இழுத்து வந்தார். நீல. பத்மநாபனின் 'தலைமுறைகள்' 1968இல் வந்தபோது பாராட்டியதோடு விடாமல், தாமே அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். ஒரு நாவலின் மேல் வைத்த அபிப்பிராயத்துக்காக அதை வரிக்கு வரி இன்னொரு மொழியில் எழுதிய விமர்சகர்கள் எத்தனை பேர்?

ஆனால் ஏன் நல்ல நாவல் என்று கேட்டால் அவர் பெரும்பாலும் விளக்கமாட்டார். பெயர்களை அடுக்குவார். அந்தப் பட்டியல்களைக் கேலி செய்தவர்கள் அன்றே இருந்தார்கள். அவர் பிறந்த அதே 1912இல் பிறந்த சி. சு. செல்லப்பாவுக்கு இது போதவில்லை. 1959 ஜனவரியில் அவர் தொடங்கிய 'எழுத்து' பத்திரிகை விமர்சனத்துக்கு என்றே பிறந்தது. 1970 வரை, கைப்பணத்தைக் கரைத்து, அதை நடத்தினார். ரசனை ஆரம்பம் மட்டுமே, அதன்பின் படைப்பைப் பிரித்து அலச வேண்டும் என்பது அவர் கட்சி. எந்தக் கோணத்திலிருந்து கதை சொல்லப்படுகிறது, சம்பவம் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது, நடை எங்கே தளர்கிறது என்று காட்டாத தீர்ப்பை அவர் ஏற்கவில்லை. க.நா.சு.வுக்கோ அலசல் என்பது ருசியான பண்டத்தைப் பரிசோதனைச் சாலைக்கு அனுப்புவது போலிருந்தது.

இந்த வழக்கில் செல்லப்பா பக்கம் நியாயம் அதிகம். ஆனாலும் வென்றவர் க.நா.சு. இன்று நல்ல தமிழ் நாவல் எவை என்று கேட்டால் வாசகர் சொல்லும் பெயர்களில் பல, அவர் பட்டியல் வழியாக நம்மிடம் வந்தவை. அலசல் கட்டுரையைப் படிக்க நாவலை முதலில் படித்திருக்க வேண்டும். நாவலைப் படிக்க வைப்பது ஒரு மனிதரின் உற்சாகம்தான்.

ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' இதற்குக் கண்கூடான சான்று. எழுதிப் பல ஆண்டுகள் கிடந்து 1972இல் அச்சான நாவல். மதுரையில் நாளிதழ் வேலை பார்த்து, கூட்டங்களுக்குப் போகாமல் தனியே வாழ்ந்த மனிதர் எழுதியது. இரண்டாம் உலகப் போர்க் காலத்து மெடானும் பினாங்கும் அதில் விரிகின்றன. விழா எடுத்து யாரும் அதைத் தூக்கிவிடவில்லை. படித்த ஒருவர் இன்னொருவர் கையைப் பிடித்து 'இதைப் படித்தே ஆக வேண்டும்' என்று சொல்லிச் சொல்லியே அது தமிழின் பெரிய நாவல்களில் ஒன்று என்ற இடத்துக்கு வந்தது. 1997இல் இறந்த சிங்காரம் அந்தப் புகழின் சிறு பங்கைத்தான் கண்டார்.

ஆகவே அபிப்பிராயம் வேண்டும். புத்தக வெளியீட்டு மேடையில் எழுதியவரும் பதிப்பித்தவரும் எதிரே உட்கார்ந்திருக்கையில் பேசப்படும் புகழுரையைவிட, சொந்தக் காசில் வாங்கியோ நூலகத்தில் எடுத்தோ படித்தவரின் ஒரு வரி மதிப்புள்ளது. அவருக்கு யாரிடமும் கடன் இல்லை.

பிசகுவது எங்கே? முதலாவது, எல்லா நாவலையும் ஒரே படியால் அளப்பதில். செஞ்சிக்கு வடக்கே உள்ள ஆரணியின் பெயரைத் தம் பெயரோடு சேர்த்துக்கொண்ட ஆரணி குப்புசாமி முதலியார், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலத் துப்பறியும் கதைகளைத் தழுவி ஏராளமாக எழுதினார். 'இரத்தினபுரி இரகசியம்' போன்ற அவருடைய கதைகளில் மன ஆழம் இல்லை என்று குறை சொல்வது எளிது. புதிர் எப்படி முடிச்சிடப்பட்டது, அவிழ்ந்தபோது வாசகர் ஏமாந்தாரா என்பதே அங்கே கேட்க வேண்டியது. தமிழில் நாவல் படிக்கும் பழக்கத்தையே பரப்பியவர்களில் அவர் ஒருவர் என்பதும் கணக்கில் வரவேண்டும்.

கல்கியின் 'பொன்னியின் செல்வ'னிலும் இதே தவறு இரு பக்கமும் நடக்கிறது. 1950 முதல் 1954 வரை வாரா வாரம் வந்த தொடர்கதை அது. பழைய தென்னார்க்காட்டைச் சேர்ந்த வீராணம் ஏரிக் கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வருவதோடு தொடங்கி, வாரக் கடைசியில் ஒரு திடுக்கிடலை வைத்து நிறுத்தி நகர்ந்தது. ஏழு நாள் இடைவெளியில் அந்தத் திடுக்கிடல் உயிரோடு இருந்தது. ஐந்து பாகத்தையும் ஒரே மாதத்தில் படிப்பவருக்கு அதுவே சலிப்பாகிறது. சலித்தது என்பது உண்மையான அபிப்பிராயம்தான். ஆனால் சலிப்பு எழுத்திலிருந்து வந்ததா, படித்த விதத்திலிருந்து வந்ததா என்று தன்னையே ஒருமுறை கேட்டுக்கொள்ளாத வாசகர், கல்கியைப் பற்றிச் சொல்வதாக எண்ணித் தன் அவசரத்தைப் பற்றிச் சொல்கிறார்.

இரண்டாவது குறை இன்னும் ஆழமானது: சொல்பவர் எங்கே நின்று சொல்கிறார் என்பது மறைந்துபோவது. இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' 1994இல் வந்தது. சலவைத் தொழில் செய்யும் புதிரை வண்ணார் குடும்பத்து ஆரோக்கியத்தின் கதை. சுந்தர ராமசாமி அதை மிக உயர்ந்த சொற்களால் வரவேற்றார். தலித் விமர்சகர்களில் சிலரோ, தலித்துகளுக்குள் உள்ள அடுக்கைக் காட்டி ஆதிக்கச் சாதியின் பொறுப்பை மங்கலாக்குகிறது என்று கோபப்பட்டார்கள். இரண்டும் நின்ற இடத்தை ஒளிக்காமல் சொல்லப்பட்ட கருத்துகள். அதனால்தான் முப்பது ஆண்டு கழித்தும் நாவலைப் படிக்கும்போது இரண்டும் துணைக்கு வருகின்றன.

அதே நாவல் செஞ்சி வாசகர் கையில் என்ன ஆகும்? 1993இல் விழுப்புரம் தனி மாவட்டமாகும் வரை செஞ்சியும் இமையத்தின் விருத்தாசலமும் ஒரே தென்னார்க்காடு. நாவலின் பேச்சு அவருக்கு வீட்டுப் பேச்சு. 'அஞ்சலை' நாவலை எழுதிய கண்மணி குணசேகரன் 'நடுநாட்டுச் சொல்லகராதி' தொகுக்கும் அளவுக்குச் செழித்த பேச்சு அது. கோவை வாசகர் தடுக்கி விழும் வாக்கியத்தில் செஞ்சிக்காரர் சிரிப்பார் அல்லது அழுவார். மொழி கடினம் என்ற தீர்ப்பும் மொழி உயிருள்ளது என்ற தீர்ப்பும் ஒரே பக்கத்தைப் படித்துப் பிறந்தவை. ஊரைச் சொன்னால் இரண்டும் பயன்படும். சொல்லாவிட்டால் இரண்டும் சண்டையாகும்.

ஊரோடு நின்றால் போதாது, தெருவையும் சொல்ல வேண்டும். 'இப்படியெல்லாம் இப்போது எங்கே நடக்கிறது' என்று இந்த நாவலைப் பற்றிச் சொல்லும் வாசகரின் வீட்டுத் துணியை யார் வெளுத்தார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. ரசனை என்ற சொல்லுக்குப் பின்னால் வர்க்கம் நிற்கிறது என்று 'தமிழ் நாவல் இலக்கியம்' (1968) எழுதிய யாழ்ப்பாணத்து க. கைலாசபதி வாதிட்டது இந்த இடத்தில் முழுக்கச் சரி. அவர் வழியில் போனவர்கள் பலர் வர்க்கத்தைக் கண்டுபிடித்ததும் நாவலை மூடிவிட்டார்கள் என்பது வேறு வருத்தம்.

மூன்றாவது, படிக்காமலே வரும் அபிப்பிராயம். பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' 2010இல் வந்தது. 2014 கடைசியில் திருச்செங்கோட்டில் எதிர்ப்பு வெடித்தது. எங்கள் ஊர் அப்படிப்பட்டதில்லை என்பதே எதிர்ப்பின் சாரம். எழுத்தாளர் தம்முள் இருந்த எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று அறிவிக்கும் நிலைக்குத் தள்ளப்பட்டார். 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் நாவலுக்கு எதிரான வழக்குகளைத் தள்ளியது. பிடிக்காத புத்தகத்தை வாசகர் தூக்கிப் போடலாம்; எழுதும் உரிமையைப் பறிக்க முடியாது என்பதே அந்தத் தீர்ப்பின் உள்ளுரை. பிடிக்கவில்லை என்று சொல்லும் உரிமைக்கு நீதிமன்றமே காவல் நிற்கிறது. புத்தகத்தைத் திறந்தவருக்குரிய உரிமை அது.

ஊர்ப்பற்று எப்போதும் தடை என்று சொல்லிவிடவும் முடியாது. பிரான்சில் வாழும் நாகரத்தினம் கிருஷ்ணா, 'கிருஷ்ணப்ப நாயக்கர் கௌமுதி' நாவலில் செஞ்சி நாயக்கர் காலத்தைக் கையாண்டிருக்கிறார். பதினாறாம் நூற்றாண்டின் கடைசியில் வந்த ஏசு சபைப் பாதிரியார் பிமெந்தா, செஞ்சியைக் கண்டு லிஸ்பனை நினைத்துக்கொண்ட காலம் அது. அந்தக் காலத்தைப் பற்றி இலக்கண சுத்தமாக எழுதப்படும் எந்தக் கல்லூரிக் கட்டுரையும் சொல்லாத ஒன்றை கோட்டையின் ராஜகிரி மலையில் ஏறி இறங்கிப் பழகிய வாசகர் சொல்ல முடியும். உச்சிக்குச் சற்று முன் பாறைப் பிளவின் மேல் உள்ள பாலத்தைக் கடக்கையில் கால் எப்படி நடுங்கும், மூச்சு எங்கே முட்டும், ஒரு கதாபாத்திரம் அங்கே ஓடிக்கொண்டே நீள வசனம் பேச முடியுமா என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். இதுவும் விமர்சனம்தான். படித்தவர் என்ன அறிந்தவர் என்பது அபிப்பிராயத்தில் சேரும்போது அதன் எடை கூடுகிறது.

2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராட்டியரின் ராணுவ நிலப்பரப்பு என்ற பெயரில் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. மகாராஷ்டிரத்துக்கு வெளியே அதில் உள்ளது செஞ்சி ஒன்றுதான். மராட்டிய அரசர் ராஜாராம் இங்கிருந்து முகலாயப் படையை ஏழு ஆண்டுகளுக்கு மேல் தாக்குப்பிடித்த கதைக்கும், 1750இல் கோட்டை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போன கதைக்கும் இனி நாவலாசிரியர்கள் வருவார்கள். அந்த நாவல்களுக்குச் செஞ்சியிலிருந்தும் குரல் வரட்டும். படித்து முடித்ததும் அரைப் பக்கம் எழுதுங்கள்: எந்த அத்தியாயத்தில் புத்தகத்தைக் கீழே வைத்தீர்கள், ஏன் வைத்தீர்கள், எந்தத் தெருவில் இருந்து படித்தீர்கள். எழுதியதை நூலக வாசகர் வட்டத்தில் நாலு பேர் முன் படித்துக் காட்டுங்கள்.